புதுப்பிப்பு: அக்காவின் முறுக்குக் கடைத் தளம் இப்போது கூகுளில் வருகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா நடத்தும் பலகாரக் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளம், கடைப் பெயரையே போட்டுத் தேடினாலும் கூகுளில் வரவில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

வேர்ட்பிரஸில் ரீடிங் செட்டிங்ஸ் என்ற அமைப்புப் பக்கத்தைப் பார்க்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. தேடுபொறிகள் வரவேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில், தளம் கட்டும்போது போட்ட டிக் அப்படியே இருந்தது, அதனால் எல்லாப் பக்கத்திலும் நோஇண்டெக்ஸ், அதாவது ‘இதைத் தேடலில் காட்டாதே’ என்ற குறிப்பு, போய்க்கொண்டிருந்தது. டிக்கை எடுத்து, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் முகப்பு முகவரியைக் கொடுத்து இண்டெக்ஸ் செய்ய, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்க, கேட்டோம். சில நாளில் வந்துவிட்டது.

எந்தப் பக்கத்துக்குள் வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) தடை போடலாமா என்று கேட்டவருக்கு: நோஇண்டெக்ஸ் உள்ள பக்கத்தை அங்கே தடுத்தால் கூகுளால் அந்தக் குறிப்பைப் படிக்கவே முடியாது, ஆகவே இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

எதிர்பார்க்காத ஒன்று, சர்ச் கன்சோலில் தேடல் சொற்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் மலாய், ‘குவே முருக்கு சுங்கை சிப்புட்’ என்கிற மாதிரி. அப்புறம்தான் வெறும் ‘முகப்பு’ என்றிருந்த தலைப்பில் ஊர்ப் பெயரும் பலகாரப் பெயரும் சேர்த்தோம், மலாயில் தனிப் பக்கமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.