ஃபேரி என்பதற்குத் ‘தேவதை’ போதாது: ‘மருள்நிலம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதைகளில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து வந்தவர்கள் ஃபேரி (fairy, faerie) என்ற சொல்லில் வந்து நிற்கிறோம். தேவதையுலகம், மாயலோகம், கந்தருவலோகம், அணங்குலகு ஆகிய நான்கும் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் ஐந்தாவதாக ‘மருள்நிலம்’ என்ற சொல்லை வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே இடிக்கிறது என்பதை முதலில் காட்டிவிடுகிறேன். இடைக்கால ஆங்கிலத்தில் ‘சர் ஓர்ஃபியோ’ என்று ஒரு கதைப்பாடல் உண்டு. 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியில் கிடைத்தது. இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போன கிரேக்கத்து ஓர்ஃபியஸ் கதைதான், ஆனால் பாதாளத்துக்குப் பதிலாக ஃபேரி வருகிறது. மே மாதத்து உச்சிவேளையில் ஒட்டுமரம் ஒன்றின் நிழலில் அரசி உறங்குகிறாள். கனவில் ஓர் அரசன் வந்து, நாளை இதே மரத்தடியில் இரு, உன்னைக் கொண்டுபோவேன் என்கிறான். மறுநாள் கணவன் ஆயிரம் வீரர்களை ஆயுதத்தோடு சுற்றிலும் நிறுத்துகிறான். ஒருவன்கூட வாளை உருவவில்லை, சண்டையே நடக்கவில்லை. அத்தனை பேருக்கும் நடுவிலிருந்து அவள் காணாமல் போகிறாள். ‘ஃபேரியால் கொண்டுபோகப்பட்டாள்’ என்று மட்டும் பாட்டு சொல்கிறது.

இதை என் அக்கா மகளுக்காகத் தமிழில் எழுதியபோது அந்த வரியைத் ‘தேவதைகள் அவளைத் தூக்கிச் சென்றன’ என்று எழுதினேன். படித்துவிட்டு அவள் கேட்டாள்: “தேவதை நல்லதுதானே மாமா, அது ஏன் ராணியைத் தூக்கிட்டுப் போகுது? அப்புறம், அத்தனை வீரர்களும் மேலே பறக்கிறதைப் பார்க்கலையா?” என்னிடம் பதில் இல்லை. பாட்டில் இறக்கையும் இல்லை, பறத்தலும் இல்லை. அந்த இரண்டையும் உள்ளே கொண்டுவந்தது நான் போட்ட ‘தேவதை’ என்ற சொல்தான்.

அந்த வரியில் ஃபேரி என்பது ஆளா, படையா, வித்தையா, இடமா? நான்குமே பொருந்தும். அதுதான் அந்தச் சொல்லின் பழைய இயல்பு. விதிதேவியரைக் குறித்த இலத்தீன் ‘ஃபாட்டா’ பழைய பிரெஞ்சில் ‘ஃபே’ ஆயிற்று. அதிலிருந்து ‘ஃபேரி’ பிறந்தபோது அது ஓர் ஆளின் பெயராக இல்லை. அவர்களுடைய நாடு, அவர்கள் செய்யும் மயக்கம், அந்த மயக்கத்தில் இருக்கும் நிலை ஆகியவற்றுக்கே பெயராக இருந்தது. ஒற்றை உயிரினத்துக்கான பெயராக அது ஆனது பின்னால்தான். இறக்கையை நிலைப்படுத்தியது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். இன்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலை மாற்றி, பழைய முறையில் எழுதினால் நாடு, புதிய முறையில் எழுதினால் ஆள் என்று பிரித்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அப்படியே ஒலிபெயர்த்து ‘ஃபேரி’ என்று எழுதினால், படகுச் சேவைக்கும் அதே எழுத்துதான்.

1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கியன் ஆற்றிய உரை இதைத் தெளிவாக்கியது. 1947இல் அது கட்டுரையாக வெளியானது. ஃபேரிக் கதைகள் என்பவை ஃபேரிகளைப் பற்றியவை அல்ல, ஃபேரி என்ற நாட்டைப் பற்றியவை என்பது அவர் வாதம். அந்த நாட்டில் கடல், சூரியன், நிலவு, மரம், பறவை, கல் எல்லாம் உண்டு. மயக்கத்துக்கு ஆட்பட்டிருக்கும் வேளையில் மனிதர்களான நாமும் அதில் உண்டு என்கிறார். ஆக, நமக்கு வேண்டிய சொல் ஓர் இடத்தையும் ஒரு மனநிலையையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

இப்போது முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். தேவதையில் ‘தேவ’ இருக்கிறது, அதுவே பெரிய சிக்கல். ஸ்காட்லாந்தின் ‘தாமஸ் த ரைமர்’ கதைப்பாடலில் ஃபேரி அரசி தாமஸுக்கு மூன்று பாதைகளைக் காட்டுகிறாள். முள் அடர்ந்த ஒடுங்கிய பாதை அறத்தினுடையது. அகன்று விரிந்த பாதை தீவினையினுடையது. மூன்றாவது, பெரணிச் செடிகள் மண்டிய மேட்டைச் சுற்றி வளைந்து போகிறது. ‘அதுதான் என் நாட்டுக்குப் போகும் வழி, இன்றிரவு நாம் போவது அதில்தான்’ என்கிறாள். சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அந்த நாட்டின் பெயரில் தேவர்களை வைத்தால் மூன்றாவது பாதை மறைந்துபோகும். கந்தருவலோகத்துக்கும் இதே குறைதான். கந்தருவர்களுக்கென்று ஏற்கனவே ஒரு புராணமும் ஒரு வானமும் இருக்கின்றன.

மாயலோகத்தை நான் ஏற்காததற்குக் காரணம் வேறு. மாயம் என்றதுமே ‘உண்மையில் இல்லாதது’ என்ற பொருள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதைக்குள் ஃபேரி உண்மை. ஏழு ஆண்டு அங்கே இருந்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு அந்த ஏழு ஆண்டும் நிஜமாகவே கழிந்திருக்கிறது. தவிர, மாய யதார்த்தம் என்ற வேறொரு வகைக்கு ‘மாய’ ஏற்கனவே போய்விட்டது.

அணங்குலகு என்ற சொல்லை ஒதுக்க மனமே வரவில்லை. ‘அணங்குடை நெடுவரை’ என்று அகநானூறு சொல்லும்போது, அந்த மலையில் ஏதோ ஒன்று குடியிருக்கிறது, அது அழகானது, அது வருத்தும் என்று மூன்றும் ஒன்றாக நெஞ்சில் தைக்கிறது. ஃபேரியின் உணர்வுக்கு மிக நெருக்கமான பழந்தமிழ்ச் சொல் இதுதான். ஆனால் இன்றைய வாசகருக்கு அணங்கு என்றால் அழகிய பெண், அவ்வளவே. நாட்டுக்கு வைத்தால் ‘பெண்கள் உலகம்’ என்று படிப்பார்கள். அதனால் நாட்டுக்கு வேண்டாம், அந்நாட்டு அரசி போன்ற அஞ்சத்தக்க பெண்ணுருக்களுக்கு அணங்கு என்றே வைத்துக்கொள்வோம்.

சரி, மருள் ஏன்?

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளில், ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே’ என்பது நூற்பா. இதுவரை காணாதது, அளவில் மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று வேறொன்றாக ஆவது என்று வியப்பு நான்கு வழியில் பிறக்கிறது. மலைபோன்ற அரக்கன், கட்டைவிரல் உயர ஆள், அன்னமாக மாறும் பெண் என்று எந்த ஃபேரிக் கதையை எடுத்தாலும் இந்த நான்கில் ஒன்று கண்ணில் படும். ‘மதிமை சாலா’ என்பதையும் கவனியுங்கள். அறிவால் அளந்து முடிக்க முடியாதது என்ற பொருள் அதில் இருக்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. மருள் என்பது இரண்டுக்கும் நடுவே இருப்பதையும் குறிக்கும். ‘புன்கண்ணை வாழி மருள்மாலை’ என்கிறது குறள் 1222. பகலும் இல்லாத, இரவும் ஆகாத பொழுது மருள்மாலை. வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடியும் பாட்டு மருட்பா. இது இதுவா அதுவா என்று பார்ப்பவர் திகைக்கும் எல்லையில் நிற்பதெல்லாம் மருள். தாமஸின் மூன்றாவது பாதை இதைவிட வேறென்ன? ஃபேரிக்குள் நுழையும் இடங்களையும் பாருங்கள்: அந்தி, உச்சிவேளை, காட்டின் விளிம்பு, ஆற்றுத்துறை, குன்றின் பிளவு. எல்லாமே எல்லைகள்.

ஆவி ஏறிய நிலைக்கும் மருள் என்றே பெயர், மருளாடி என்ற சொல் அப்படி வந்ததுதான். ஆக வியப்பு, எல்லை, ஆட்படுதல் மூன்றும் ஒரே வேரில் இருக்கின்றன. பின்னொட்டாக ‘நிலம்’ வந்தால் இடம், ‘நிலை’ வந்தால் மனநிலை. மருள்நிலம், மருள்நிலை. ஆங்கிலம் ஒரே சொல்லில் வைத்திருக்கும் இரட்டைப் பொருளை நாம் சொல்லின் ஈற்றை மட்டும் மாற்றிக் காட்டிவிடலாம்.

‘உலகு’ என்னாமல் ‘நிலம்’ என்பதற்கும் காரணம் உண்டு. நம் இலக்கணத்தில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். ஒரு நிலம் என்றால் அதற்கென்று ஒரு பொழுது, ஓர் உணர்வு என்று படித்துப் பழகியவர்கள் நாம். ஃபேரிக்கும் அதற்கே உரிய பொழுது உண்டு. அயர்லாந்துக் கதையில் ஓஷீன் என்ற வீரன் இளமையின் நாட்டுக்குப் போகிறான். சில ஆண்டுகளே கழிந்ததாக நினைத்து ஊர் திரும்பினால் இங்கே 300 ஆண்டுகள் ஓடிவிட்டிருக்கின்றன. குதிரையிலிருந்து அவன் தரையில் விழுந்த கணத்தில் அத்தனை வயதும் உடம்பில் ஏறிவிடுகிறது. பொழுது மாறினால் நிலம் மாறிவிட்டது என்று பொருள். இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டியதில்லை.

மறுப்புகள் வரும். மருள் கெட்ட சொல்லாயிற்றே, பொருளல்லவற்றைப் பொருளென்று உணர்வதை வள்ளுவரே மருள் என்றாரே என்று கேட்கலாம். உண்மைதான். அப்பரின் பிள்ளைப் பெயரே மருணீக்கியார். தெளிவைக் குறிக்கும் தெருளுக்கு எதிர்ச்சொல் மருள். ஆனால் ஃபேரி பாதுகாப்பான இடம் என்று யார் சொன்னது? அதை ஆபத்தான நாடு என்றுதான் டோல்கியனும் அழைக்கிறார். திரும்பி வந்தவன் தெளியாமலே ஏங்கிக் கிடக்கும் கதைகள் எத்தனை! சொல்லில் ஒரு துளி அச்சம் இருக்கட்டும்.

புணர்ச்சி விதிப்படி மருணிலம் என்று எழுத வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பாக இருக்கும். விதி சரி. ஆனால் மருணிலம் என்று பார்க்கிறவருக்கு மருள் கண்ணில் படாது. புதுச்சொல் என்பதால் ஊன்றும் வரை பிரித்தே எழுதுவோம் என்பது என் கருத்து.

இதோடு மேஜிக் என்ற சொல்லையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். ஒருவன் கற்று, சொல்லி, செய்வது மந்திரம். ‘நிறைமொழி மாந்தர் ஆணையில் கிளந்த மறைமொழி’ என்று தொல்காப்பியம் சொன்ன இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. ஆங்கில ‘ஸ்பெல்’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் பேச்சு, கதை என்பதுதான். பார்வையை மட்டும் ஏமாற்றும் ‘கிளாமர்’ என்பதற்கு நம்மிடம் ‘கண்கட்டு’ தயாராக இருக்கிறது. வாடிய இலைகளைப் பொற்காசாகக் காட்டுவது கண்கட்டு. இந்த இரண்டும் ஒருவர் செய்வது. மருள் நமக்கு நேர்வது. மந்திரவாதி பிறரை ஆளப் பார்க்கிறான், மருள்நிலமோ உள்ளே நுழைந்தவனை ஆட்கொள்கிறது. இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் தெரிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

வினைச்சொல்லில்தான் கொஞ்சம் தடுமாறினேன். உருள் - உருட்டு போல மருள் - மருட்டு வரும். ஆனால் மருட்டு என்றால் இன்று மிரட்டு என்றே காதில் விழும். மருளேறு, மருளேற்று என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை: ‘அந்த யாழொலியில் அவன் மருளேறி நின்றான்.’ அந்நாட்டு மக்கள் மருள்நிலத்தார். குழந்தைகள் புத்தகங்களில் ஊன்றிவிட்ட ‘தேவதைக் கதை’யை அப்படியே விட்டுவிடலாம். திறனாய்வில் மட்டும் ‘மருள்நிலக் கதை’ என்போம்.

பழைய வரியை இப்படித் திருத்தினேன்: ‘ஆயிரம் பேர் நடுவிலிருந்து அவளை மருள் கொண்டுபோயிற்று.’ அக்கா மகள் இந்த முறை இறக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. “எங்கே கொண்டுபோச்சு?” என்றாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

இன்னும் ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. மனிதக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு மருள்நிலத்தார் தங்கள் குழந்தை ஒன்றை அங்கே விட்டுப் போவார்கள் அல்லவா, விட்டுப்போன அந்தக் குழந்தையை ஆங்கிலத்தில் ‘சேஞ்ச்லிங்’ என்கிறார்கள். ‘மாற்றுப்பிள்ளை’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மருத்துவமனையில் குழந்தை மாறிப்போனதுபோல ஒலிக்கிறது. யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.