அம்மாவின் இறுதிச் சடங்குக் கடன்: என்ன செய்யலாம்?

கேள்வி (ஹட்டன்):
மார்பகப் புற்றுநோயால் வருந்திய அம்மா சென்ற வாரம் காலமானார். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தபோதும், ஒவ்வொரு முறையும் வான் பிடித்துப் போய்வந்ததிலேயே கையிருப்பு கரைந்துவிட்டதால், பெட்டிக்கும் பந்தலுக்கும் நகையை அடகு வைத்தோம். கருமாதிக்கும் கடன் வாங்குவதா? கடைசிவரை அவர் தோட்டத் தொழிலாளர் பதிவில் இருந்தார்.

மறுமொழி (பதுளை):
ஆழ்ந்த அனுதாபங்கள். பதிவில் இருந்தபோதே இறந்திருப்பதால், ஊழியர் சேமலாப நிதியில் (EPF) உள்ள தொகை அவர் பெயர் குறித்தவருக்கோ சட்டபூர்வ உரித்தாளருக்கோ சேரும்; 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் ஊழியர் நம்பிக்கை நிதியை (ETF) தனியாகக் கோர வேண்டும். இரண்டுக்கும் மரணச் சான்றிதழ் தேவை என்பதால், அதிலுள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நம் தோட்டங்களில் வள்ளியம்மா என்பது வள்ளியம்மை என்று பதிவானதால் மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் உண்டு.

மறுமொழி (தலவாக்கலை):
அம்மா மரணாதார சங்கத்துக்குச் சந்தா கட்டியிருந்தால் அந்த உதவியை உடனே கேளுங்கள். கருமாதியை வீட்டளவில் செய்தால் போதும், வட்டிக்கு வாங்க வேண்டாம். அடகுச்சீட்டின் தவணைத் திகதியைத் தவறவிடாதீர்கள். முழுத்தொகை இல்லாவிடினும், வட்டியைக் கட்டினால் பெரும்பாலும் தவணையை நீடித்துத் தருவார்கள்.