கவெய்ன் 1237ஆம் அடி: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' காவியத்தை (14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 2530 அடிகள், எஞ்சியிருப்பது ஒரே கையெழுத்துப் பிரதி) இடைக்கால ஆங்கிலத்திலேயே வாசித்தவர்கள் உதவ வேண்டும்.

தோர்ன் (þ), யோக் (ȝ) என்ற பழைய ஆங்கில எழுத்துகள் சில நாளில் பழகிவிடும். மோனைதான் படுத்துகிறது. நீள அடிகளில் அழுத்தம் விழும் சொற்கள், பெரும்பாலும் மூன்று, ஒரே ஒலியில் தொடங்க வேண்டும் என்பதால் கவிஞர் அரிய சொற்களை இழுத்துவருகிறார். 'வீரன்' என்பதற்கே அரை டஜன் சொற்கள்! அகராதிப் பொருளை அப்படியே வைத்தால் வரி கெட்டுவிடும்.

சிக்கல் 1237இல். ஆர்தர் அரசரின் வீரன் கவெய்ன் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் கோட்டையின் தலைவி அவன் படுக்கையருகே வந்து, 'மை கோர்ஸ்' உங்களை வரவேற்கிறது என்ற பொருள்படப் பேசுகிறாள். 'கோர்ஸ்' என்றால் உடல். ஆனால் 'மை கோர்ஸ்' அக்கால வழக்கில் வெறும் 'நான்' என்றும் ஆகும். 'உடல்' என்று பெயர்த்தால் முதல் நாளே எல்லாம் வெளிப்பட்டு, மூன்று நாளில் அவள் தரும் முத்தங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும் ஆட்டம் சப்பென்றாகிறது. 'நான்' என்றால் வெறும் உபசாரம்; கவெய்ன் ஏன் அவ்வளவு கவனமாக நழுவுகிறான் என்பது புரியாது.

'என்னை உங்களுடையவளாகக் கொள்ளுங்கள்' பாதிதான் பொருந்துகிறது. இரண்டு பொருளும் நிற்கும் தமிழ்த் தொடர் யாருக்காவது தோன்றுகிறதா?

கூடவே இன்னொன்று: உயிரைக் காக்கும் என்று அவள் கொடுத்த பச்சைக் கச்சையை (இடைவாரை) அவள் கணவனிடம் ஒப்படைக்காமல் மறைத்துவைத்தபடியே கவெய்ன் பாதிரியாரிடம் பாவமன்னிப்புப் பெறுகிறானே, அது செல்லுமா?