புதுப்பிப்பு: ஹாட் கார்னர் தொட்டாலே திரை பூட்டிக்கொள்ளும் சிக்கல் தீர்ந்தது

மேக் கணினியில் மவுஸைத் திரையின் ஒரு மூலைக்குக் கொண்டுபோனாலே நாம் வைத்த வேலை நடக்கும் வசதிதான் ஹாட் கார்னர். அதில் மேல் இடது மூலைக்கு, திரையைப் பூட்டும் 'லாக் ஸ்க்ரீன்' வைத்திருந்தேன். அதே மூலையில் இருக்கும் ஆப்பிள் மெனுவுக்கு மவுஸ் போகும்போதெல்லாம் திரை பூட்டிக்கொள்கிறது, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேறு மூலைக்கு மாற்றியும் பார்த்தேன், சரிப்படவில்லை. ஆப்ஷன் விசையைச் சேர்த்து அமைக்கச் சொன்ன நண்பரின் யோசனைதான் கைகொடுத்தது. சிஸ்டம் செட்டிங்ஸில் 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' பக்கத்தின் அடியில் ஹாட் கார்னர்ஸ் பொத்தான் இருக்கிறது. அந்த மூலைக்கான பட்டியலைத் திறந்து ஆப்ஷனை அழுத்தினால், ஒவ்வொரு வரியிலும் ஆப்ஷன் குறி சேர்ந்துகொள்ளும். விசையை விடாமலே 'லாக் ஸ்க்ரீன்' வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; முதல் தடவை நான் முன்னதாகவே விட்டுவிட்டதால் பழையபடியே பூட்டிக்கொண்டது. இப்போது ஆப்ஷனைப் பிடித்தபடி மூலைக்குப் போனால் மட்டுமே பூட்டுகிறது. ஷிஃப்ட், கண்ட்ரோல், கமாண்ட் விசைகளையும் இப்படியே வைக்கலாம்.

எதிர்பாராத ஒன்று: நான் எதுவுமே வைக்காத கீழ் வலது மூலையில், சட்டென்று குறிப்பெழுத உதவும் குவிக் நோட் எட்டிப் பார்த்தது. 2021இல் வந்த மேக் இயங்குதளப் பதிப்பான மான்டரே முதல் அது அங்கே தானாகவே அமைந்திருக்கிறதாம். அதை எடுத்துவிட்டு மிஷன் கண்ட்ரோல் வைத்தேன். பத்துப் பன்னிரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தாலும் மவுஸை அந்தப் பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் போதும், எல்லாம் கண்முன் விரிந்துவிடுகிறது.