"நாமெல்லாம் சகோதரிகள்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாமா?

நூல்கண்டு (கேள்வி):
எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்கென்று ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. மாதம் ஒரு கட்டுரை, வேலை முடிந்த பிறகு. போன தடவை துப்புரவுப் பணியில் இருக்கும் இரண்டு பேரையும் அழைத்தோம். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருவர், "எனக்கு லீவு கொடுக்காம இழுத்தடிக்கிறதும் ஒரு பொம்பளைதாங்க" என்றார். அந்த மேற்பார்வையாளர் அதே அறையில் இருந்தார். உடனே எங்களில் மூத்தவர் ஒருவர், "அது உங்க தனிப்பட்ட விஷயம், இங்க நாமெல்லாம் சகோதரிகள்" என்று பேச்சை மாற்றிவிட்டார். அவர்கள் இனி வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெண்களுக்குள் இருக்கிற மேல் கீழைப் பேசினால் ஒற்றுமை உடைந்துபோகும் என்கிறார்கள். பெண்ணியக் கோட்பாடு இதைப் பற்றி என்ன சொல்கிறது?

ஓரத்து நாற்காலி:
நிறையவே சொல்கிறது, தோழி. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸின் 1984ஆம் ஆண்டு நூலில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. நாம் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள் என்பதை மட்டும் வைத்துக் கட்டுகிற சகோதரி உறவை அவர் ஏற்கவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்கிற வசதியான பெண், இன்னொரு பெண்ணின் மேல் தனக்கிருக்கும் அதிகாரத்தைப் பார்க்காமலேயே இருந்துவிடலாம். கோபம், வாக்குவாதம் எல்லாம் வரட்டும், அதைக் கடந்து வருகிற ஒற்றுமைதான் நிற்கும் என்பது அவர் கட்சி. ஆதரவை இன்று கொடுத்து நாளை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றுமைக்குத் தொடர்ந்து உழைக்க வேண்டும் என்றும் எழுதுகிறார்.

அதே நூலில், இல்லத்தரசிகளின் மனக்குறையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்கப் பெண்ணியவாதி பெட்டி ஃப்ரீடனையும் ஒரு பிடி பிடிக்கிறார்: இல்லத்தரசிகள் வெளியே வேலைக்குப் போகட்டும், சரி, அப்போது அவர்கள் வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வருவது யார்? உங்கள் மூத்தவருக்கு அந்தப் பக்கங்களைக் கொடுங்கள். (படிப்பாரா என்பது வேறு விஷயம்.)

கணக்குப்பிள்ளை மகள்:
நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த மேற்பார்வையாளரை வில்லியாக்கிவிட்டால் ஒப்பந்தக்காரர் தப்பித்துவிடுவார்.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989 கட்டுரையில் அலசுகிற வழக்கைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது, தீர்ப்பு 1976. அந்த நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு பொருளாதார மந்தம் வந்தது. பணிமூப்பு பார்த்து ஆள் குறைத்தார்கள். 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. நீதிமன்றமோ, நிறுவனம் முன்பே பெண்களை எடுத்திருக்கிறதே, அதனால் பெண் என்பதற்காகப் பாகுபாடு இல்லை என்றது. அந்தப் பெண்கள் எல்லாம் வெள்ளையர்கள்! கடைசியில் வேலையைப் பறித்தது யாருடைய கெட்ட குணமும் இல்லை, பணிமூப்பு விதி. உங்கள் இடத்தில் லீவு விதி என்ன என்று விசாரித்தீர்களா?

மழைக்கால்:
எல்லாவற்றையும் பேசித் தீர்த்த பிறகுதான் ஒன்றுசேர வேண்டும் என்றால் யாருமே சேர மாட்டார்கள். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வேலை செய்யவில்லை. அலுவலகத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் பல பேர் பின்வாங்குவார்கள் என்று அதை 'விடுப்பு நாள்' ஆக்கினார்கள். வெவ்வேறு கட்சிப் பெண்களும் வந்தார்கள். அடுத்த ஆண்டே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது.

ஓரத்து நாற்காலி:
ஒரு நாளைக்கு அது சரி. இவர்கள் தினமும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்கள், அம்மா.

நூல்கண்டு:
விசாரித்தேன். லீவு கொடுத்தால் ஒப்பந்தக்காரர் மாற்று ஆள் அனுப்புவதில்லை; தளம் சுத்தமாக இல்லை என்றால் திட்டு வாங்குவது அந்த மேற்பார்வையாளர். அவரே சொன்னார். ஆக, மாற்று ஆள் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதலாம் என்று பேச்சு. சிக்கல் என்னவென்றால், அந்த இருவரும் கையெழுத்துப் போட்டால் அவர்கள் வேலைக்கே ஆபத்து. நிரந்தர ஊழியர்கள் மட்டும் போட்டால், அவர்களுக்காக நாங்கள் பேசுவதாக ஆகிவிடும்.

கணக்குப்பிள்ளை மகள்:
கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும், கையெழுத்தை நீங்கள் போடுங்கள். அனுப்புவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் அடிக்கிற வரியை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும்.