எஸ்டேட் வழிகாட்டிப் பலகைக்கு எந்த ரிஃப்ளெக்டிவ் ஷீட்? (வால்பாறைப் பக்கம், மூடுபனி அதிகம்)

தேயிலைக்காடு:
வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, டிவிஷன்கள், லைன் வீடுகளுக்குப் பிரியும் பாதைகள் என்று நாற்பது பலகைக்கு மேல் மாற்ற வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு இரவு, பிரசவ வலியில் இருந்த பெண்ணை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் பிரிவு தெரியாமல் தாண்டிப் போய், ஆற்றுப் பாலத்தில்தான் திரும்பியது. தாயும் பிள்ளையும் நலம், ஆனால் அந்த இருபது நிமிடம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அங்கே நின்றது எங்கள் பலகைதான். இன்ஜினியரிங் கிரேடு ஷீட் (ரிஃப்ளெக்டிவ் ஷீட்டில் சாதாரண வகை), வெளுத்து ஓரமெல்லாம் உரிந்து கிடந்தது. மறுபடியும் அதே கிரேடு போதும் என்கிறார் மேனேஜர். நான் அதைவிடப் பளிச்சென்று தெரியும் பிரிஸ்மேட்டிக் ஷீட் கேட்கிறேன். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பலகைப்பட்டறை:
நீங்கள் கேட்பதுதான் சரி, விட்டுக்கொடுக்காதீர்கள். பலகை செய்வதுதான் என் தொழில், கணக்கோடு சொல்கிறேன். ஏஎஸ்டிஎம் டி4956 என்ற ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்கான அமெரிக்கத் தரப்படி வெள்ளை ஷீட் திருப்பி அனுப்ப வேண்டிய வெளிச்சத்தின் குறைந்தபட்ச அளவு இன்ஜினியரிங் கிரேடுக்கு (டைப் 1) 70, ஹை இன்டென்சிட்டி பிரிஸ்மேட்டிக்குக்கு (டைப் 4) 360. இது விளக்கும் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கும்போது, அதாவது 0.2 டிகிரியில். பஸ்ஸிலும் லாரியிலும் டிரைவரின் கண் ஹெட்லைட்டுக்கு வெகு மேலே இருக்கிறது, கோணம் கூடிவிடும். 0.5 டிகிரியில் டைப் 1 வெறும் 30தான், டைப் 4 அப்போதும் 150. பழைய ஷீட்டுக்குள் இருப்பது கண்ணாடி மணிகள், வெளிச்சம் நிறையச் சிதறிப்போகும். பிரிஸ்மேட்டிக்கில் மூன்று முகம் கொண்ட குட்டிக் குட்டி மூலைகள், வெளிச்சம் மூன்று முகத்திலும் பட்டு வந்த வழியே திரும்பும். நெடுஞ்சாலைப் பலகைக்கு ஐஆர்சி 67 என்ற இந்தியச் சாலைப் பலகை விதிமுறையைப் பார்த்துத்தான் ஷீட் எடுக்கிறோம். எஸ்டேட் ரோடு தனியார் ரோடு என்பதற்காக அங்கே போகிறவர்கள் உயிர் குறைந்ததா?

மலைப்பாதை டிரைவர்:
பட்டறை அண்ணன் கணக்கு சரி, ஆனால் மூடுபனியில் அது கவைக்கு உதவாது. ஆழியாரிலிருந்து மேலே வரும் 40 கொண்டை ஊசி வளைவிலும் பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன். பனி இறங்கிவிட்டால் பிரைட் போட முடியாது, போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும், டிம்மிலேயே ஊர்ந்துதான் வர வேண்டும். அப்படிக் கிட்டே வந்த பிறகு பலகை பளீரென்று அடித்தால் எழுத்து படிக்க முடியாது. பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் எழுத்து ஊதிப்போய் ண, ன இரண்டும் ஒன்றாகத் தெரியும், சுழியெல்லாம் அடைத்துவிடும். வெள்ளையில் கறுப்பு என்றால் எழுத்தே மெலிந்து கரைந்துபோகும். அதைவிடப் பெரிய விஷயம், வளைவில் ஹெட்லைட் நேரே பள்ளத்தைப் பார்க்கும், பலகை பக்கத்தில் இருட்டில் நிற்கும். சில்வர் ஓக் மரத்தில் ஆணி அடித்து, எதிர்ப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிற, உண்ணிச்செடி பாதி மூடிய பலகைகள்தான் நான் எஸ்டேட்களில் பார்ப்பது. அதில் எல்லாவற்றையும்விட உசத்தியான டைமண்ட் கிரேடு ஷீட்டே ஒட்டினாலும் என்ன பிரயோஜனம்? அந்தப் பணத்தில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், பிரிவுக்கு முன்னாலேயே ஒரு பலகை கூடுதலாக நடுங்கள்.

பலகைப்பட்டறை:
தம்பி, டிம்மில் வருகிறேன் என்று நீங்களே சொல்கிறீர்கள். டிம் வெளிச்சம் ரோட்டில்தான் விழும், ஆள் உயரத்தில் நிற்கும் பலகைக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். அந்தக் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பத்தான் நல்ல ஷீட் வேண்டும் என்கிறேன். எழுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஒரு அங்குல ஆங்கில எழுத்துக்கு முப்பது அடி தூரம் என்று ஒரு கணக்கு உண்டு. 100 மில்லிமீட்டர் எழுத்து என்றால் 36 மீட்டரில் படிக்கலாம், 30 கிலோமீட்டர் வேகத்தில் அது நாலு நொடிதான். தமிழுக்குச் சுழி அதிகம், அதைவிடப் பெரிதாகவே போட வேண்டும், கோடும் கொஞ்சம் மெல்லியதாக இருக்கட்டும். பிரிஸ்மேட்டிக் ஷீட்டையே எழுத்தாக வெட்டி ஒட்டாதீர்கள், வெட்டிய ஓரத்தில் தண்ணீர் ஏறும். வெள்ளை ஷீட் முழுதாக ஒட்டி, அதன் மேல் எழுத்து வெட்டி எடுத்த பச்சை இசி ஃபிலிம் (வெளிச்சம் ஊடுருவும் நிறப் படலம்) போடச் சொல்லுங்கள். அப்புறம் பலகைக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு வேண்டாம், அந்த மழைக்குத் துருப்பிடித்து ஷீட்டையும் தூக்கிவிடும், அலுமினியம்தான்.

காட்டோரம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், யாரும் சொல்லாத ஒன்று. ஆஸ்பத்திரி அம்புக்குறிக்குச் சிவப்பு போட்டுவிடாதீர்கள். யானை பக்கத்தில் இருந்தால் எரிய வைக்கும் சிவப்பு எல்இடி விளக்குகள் நம் பக்கம் பல இடத்தில் இருக்கின்றன, இருட்டில் சிவப்பு தெரிந்தால் ஜனங்கள் நின்று யோசிக்கிறார்கள். பலகை ஒன்று சும்மா சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தால் நாளடைவில் அந்த விளக்கையே யாரும் மதிக்க மாட்டார்கள்.

பலகைப்பட்டறை:
மிகவும் சரி. வெளிச்சக் கணக்கிலும் சிவப்பு வீண், டைப் 4-இல் மஞ்சளுக்கு 270, சிவப்புக்கு 65தான். மஞ்சளில் கறுப்பு எழுத்து போடலாம், கோடு மட்டும் தடிமனாக.

மலைப்பாதை டிரைவர்:
ஆஸ்பத்திரிக்கும் பிரிவுகளுக்கும் டைப் 4, ஒத்துக்கொள்கிறேன். பகலில் மட்டும் லாரி போகும் உள்பாதைக்கும் அதே ஷீட் எதற்கு? அங்கே இன்ஜினியரிங் கிரேடே போதும், மிச்சப் பணத்தில் புதர் வெட்ட ஆள் போடலாம். முதலில் இரண்டு ஷீட்டிலும் சாம்பிள் வாங்கி ராத்திரியில் வைத்துப் பாருங்கள்.

தேயிலைக்காடு:
செய்து பார்த்தோம். அந்த ஆஸ்பத்திரிப் பிரிவிலேயே இரண்டு சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, பனி இறங்கிய பிறகு எஸ்டேட் லாரியில் மேனேஜரையும் முன்சீட்டில் உட்கார வைத்து டிம்மில் வந்தோம். பலகை பழைய இடத்தில் இருந்தபோது இரண்டுமே தெரியவில்லை, டிரைவர் அண்ணன் சொன்னதுதான் நடந்தது. வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டுக்கு நகர்த்தி, வண்டி வரும் திசைக்குத் திருப்பி வைத்ததும் பிரிஸ்மேட்டிக் முதலில் தெரிந்தது, மற்றது வெகு கிட்டே வந்த பிறகுதான். மேனேஜர் அங்கேயே இறங்கி, கம்பம் நட வேண்டிய இடத்தில் கல்லை வைத்து அடையாளம் போட்டுவிட்டார். உள்பாதைப் பலகைகளுக்கு என்ன ஷீட் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.