லாஸ்ட்: பதில் வராமல் போன முடிச்சுகள், உங்கள் கணக்கில் எது எங்கே நிற்கிறது?

பொத்தான்108

விமானம் விழுந்து மர்மத் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் லாஸ்ட். அது முடிந்தது 2010 மே 23. ஆறு சீசன், 121 எபிசோட். இன்றைக்கும் புதிதாகப் பார்த்து முடிக்கிறவர்கள் முதலில் கேட்பது, “எல்லாரும் விமானம் விழுந்தப்பவே செத்துட்டாங்கதானே?” இந்த இழையில் அதை முதல் வரியிலேயே மூடிவிடுகிறேன். இல்லை. கடைசியில் தேவாலயத்தில் நாயகன் ஜாக்கிடம் அவன் இறந்துபோன அப்பா நேராகவே சொல்கிறார்: நடந்ததெல்லாம் உண்மை, இங்கே இருப்பவர்களில் சிலர் உனக்கு முன்னால் செத்தவர்கள், சிலர் உனக்கு ரொம்பக் காலம் பின்னால். குழப்பத்தைக் கிளப்பியது, முதல் ஒளிபரப்பில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது காட்டிய ஆளில்லாத கடற்கரையும் விமானச் சிதைவும். கதை முடிந்து அடுத்து வரும் செய்திக்குத் தாவும் முன் மூச்சுவிட இடம் வேண்டுமென்று ஏபிசி சேனல் சேர்த்த துண்டு அது. கதையின் பகுதி இல்லை.

பதிவிடும்போது ஒன்று மட்டும் பாருங்கள். “பதிலே இல்லை” என்று எழுதும் முன், எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். திரையில் பதில் வந்து நாம் கவனிக்காமல் விட்டது ஒரு வகை. டிவிடியோடு வந்த 12 நிமிடத் துண்டுப்படத்தில் மட்டும் பதில் உள்ளது இன்னொன்று. நடிகர் போனதால் கைவிட்டது வேறு. இவை எல்லாம் கழிந்து மிஞ்சுவதுதான் உண்மையான மர்மம். நான் எண்ணிப் பார்த்தவரை அது ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும்.

முதல் வகைக்கு ஒரு உதாரணம். குகையில் கிடந்த இரண்டு எலும்புக்கூடுகள், சீசன் 1 எபிசோட் 6. கூடவே ஒரு பையில் கறுப்புக் கல் ஒன்று, வெள்ளைக் கல் ஒன்று. அவர்கள் யார் என்று சீசன் 6 எபிசோட் 15 காட்டிவிட்டது. ஆனால் துணி மட்கியிருப்பதைப் பார்த்து 40, 50 வருஷம் இருக்கும் என்கிறார் ஜாக். பின்னால் காட்டிய கதையிலோ கரை ஒதுங்குகிற பெண் லத்தீன் பேசுகிறாள். இது மர்மம் இல்லை, கணக்குப் பிசகு. வேண்டுமானால் ஜாக் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர், பழைய துணி பார்த்து வயது சொல்கிறவர் இல்லை என்று சமாதானம் செய்துகொள்ளலாம்.

கட்டுமரம்

என் ஓட்டு அவுட்ரிக்கர் துரத்தலுக்கு. பக்கவாட்டில் கட்டை நீட்டிக் கட்டிய துடுப்புப் படகு. சீசன் 5 எபிசோட் 4, ‘தி லிட்டில் பிரின்ஸ்’. காலத்தில் எகிறிக்கொண்டிருக்கும் ஆறு பேர் (சாயர், ஜூலியட், லாக், மைல்ஸ், டேனியல், ஷார்லட்) பழைய முகாமுக்கு வருகிறார்கள். கரையில் இரண்டு அவுட்ரிக்கர் நிற்கிறது. உள்ளே அஜிரா ஏர்வேஸ் தண்ணீர் பாட்டில். ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பின்னாலேயே இன்னொன்றில் வந்து யாரோ சுடுகிறார்கள். ஜூலியட் திருப்பிச் சுடுகிறாள், ஒருவர் மேல் பட்ட மாதிரி தெரிகிறது, அதற்குள் வானம் வெளுத்து வேறு காலம். சுட்டது யார் என்று தொடர் கடைசிவரை காட்டவே இல்லை.

எந்தத் தியரி கொண்டுவந்தாலும் நான்கு சல்லடையில் போட்டுப் பாருங்கள்.

பாட்டில் இருப்பதால் அஜிரா 316 விமானம் பக்கத்துச் சின்னத் தீவில் இறங்கிய பிறகுதான், அதாவது 2007. துரத்துகிறவர்கள் முகாமுக்கு வந்துபோகிறவர்கள், அல்லது அங்கே நின்ற மற்றப் படகை எடுக்கும் தூரத்தில் இருந்தவர்கள். சாயரைப் பார்த்து அடையாளம் தெரியாதவர்கள், ஆக அவனை ஏற்கெனவே தெரிந்த சன்னும் விமானி ஃபிராங்கும் அந்தப் படகில் இருக்க முடியாது. கடைசியாக, அவர்களில் ஒருவருக்குக் குண்டுக் காயம் இருக்கலாம்.

பெரும்பாலோர் சொல்வது அதே அஜிரா விமானத்தில் வந்த இலானாவின் கூட்டம். துப்பாக்கி உண்டு, சாயரைத் தெரியாது. ஆனால் அவர்கள் பெரிய தீவுக்கு வரும்போது, அதற்குள் இறந்துவிட்ட லாக்கின் உடல் கிடக்கும் பெரிய பெட்டியையும் மயங்கிய ஃபிராங்கையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். போவது முகாமுக்கு இல்லை, தீவின் காவலர் ஜேக்கப்பின் குடிசைக்கு, அங்கிருந்து சிலைக்கு. அப்புறம் அந்தக் கூட்டத்துப் பிராமும் அவன் ஆட்களும் சீசன் 6 தொடக்கத்திலேயே சிலையின் காலுக்குள், தீவில் திரியும் புகை அசுரனிடம் மாட்டிச் சாகிறார்கள். அதுவரை யார் மேலும் பழைய காயம் காட்டவில்லை.

அடுத்தது, தீவைத் தேடி வரும் கோடீஸ்வரர் விட்மோரின் ஆட்கள். நீர்மூழ்கியில் வந்தவர்கள், பின்னால் அவுட்ரிக்கரிலும் தீவுக்கு வருகிறார்கள், கேள்வி கேட்காமல் சுடுகிற வகை. இதிலும் ஓட்டை உண்டு, அவர்கள் எதற்கு அந்த முகாமில் நிற்க வேண்டும்? இருந்தாலும் இருப்பதில் குறைவாக ஒழுகுவது இதுதான்.

கடைசி எபிசோடில் ரிச்சர்டும் மைல்ஸும் படகில் போவதை வைத்து “மைல்ஸ் தன்னையே சுட்டான்” என்று ஒரு தியரி சுற்றும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முன்னால் படகில் உட்கார்ந்து சுடுபட்டவன் அவன்தானே, அவனுக்கு நினைவு இருக்காதா? நடந்தது நடந்ததுதான் என்பது இந்தத் தொடரின் சட்டம். நினைவுள்ளவன் துப்பாக்கியைத் தூக்க மாட்டான்.

சரிபார்க்க விரும்பினால் வரிசை: 5-இல் 4, 9 (‘நமஸ்தே’, தீவுக்காரர்களின் முன்னாள் தலைவன் பென்னைச் சன் துடுப்பால் அடிப்பது), 12, கடைசி இரண்டு. பிறகு 6-இல் 1, 8, கடைசி எபிசோட். ஒரு தாளில் எந்தப் படகு எந்தக் கரையில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள், ஆட்களைக் குறிக்காதீர்கள். ஆட்களைக் குறிக்கத் தொடங்கினால் பிடித்த தியரிக்கு ஏற்ப மனசு நிரப்பிக்கொள்ளும். துரத்தியவர்கள் யார் என்கிற காட்சி எழுதப்பட்டது, படமாக்கவில்லை என்று 2014 சந்திப்பில் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லிண்டலாஃபே சொல்லிவிட்டார். ஆக விடை இருக்கிறது, நமக்குத்தான் இல்லை.

மூன்றாம்மாதம்

தீவில் கர்ப்பிணிகள் சாகிற விஷயத்தை ஏன் எல்லாரும் “விளக்கமே இல்லை” என்கிறீர்கள்? காரணத்தை வாயால் சொல்லவில்லை, சரி. ஆனால் அட்டவணை போட்டால் கோடு தெளிவாக விழுகிறது.

வெளியே கருத்தரித்துத் தீவில் பெற்றவர்கள்: ரூசோ (1988, அலெக்ஸ்), கிளேர் (2004, ஏரன்). இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீவில் கருத்தரித்தவர்கள்: கருத்தரிப்பு மருத்துவர் ஜூலியட் கவனித்த பெண்கள், இரண்டாம் மும்மாதத்தைத் தாண்டி யாரும் போகவில்லை. சன்னும் தீவில்தான் கருத்தரித்தாள், ஆனால் ஆபத்து வரும் முன் வெளியேறிவிட்டாள். ஆக, பிரசவம் எங்கே என்பது பொருட்டே இல்லை, கரு எங்கே தங்கியது என்பதுதான்.

இதில் இடிக்கிற ஒரே பெயர் ஏமி. 1977-இல் தர்மா என்ற ஆய்வுக் குழுவின் குடியிருப்பில் ஈத்தனைப் பெறுகிறாள், காலம் எகிறி அங்கே வந்துசேர்ந்த ஜூலியட்டே வயிற்றைக் கீறி எடுக்கிறாள், தாயும் பிள்ளையும் நலம். அதற்குச் சாயர் சொல்லும் சமாதானம் அந்த எபிசோடிலேயே இருக்கிறது: பெண்களைச் சாகடிக்கிற அந்த எதுவோ இன்னும் நடக்கவில்லை போல. சில நாள் கழித்துத் தர்மாவின் ஸ்வான் ஆய்வுத் தளத்தில் துளையிட்டுக் காந்த ஆற்றலை உடைத்துவிடுகிறார்கள். முன்னால் பிழைத்தார்கள், பின்னால் சாகிறார்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு: தர்மா பெண்கள் பிரசவத்துக்கு நீர்மூழ்கியில் வெளியூர் போவார்கள் என்று அதே எபிசோடில் வருவதைப் பிடித்துக்கொண்டு, 1977-க்கு முன்னாலேயே பிரச்சினை இருந்தது என்பார்கள். அங்கே இருந்தவர் பொது மருத்துவர், பிரசவம் பார்க்கத் தெரியாதவர். அதனால் அனுப்பினார்கள். அவ்வளவுதான் விஷயம்.

31நிமிடம்

வரைபடம் வரைகிற நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தீவை விட்டுப் போக மைக்கேலுக்குப் பென் கொடுத்த திசை 325 டிகிரி. ஹெலிகாப்டருக்கு டேனியல் ஃபாரடே எழுதி வைத்தது 305. இரண்டையும் ஒன்றாக்கி வரைந்து “தீவின் இடம் கண்டுபிடித்தாகிவிட்டது” என்று போடுகிறார்கள். 20 டிகிரி வித்தியாசம் ஏன் என்பதற்குத் தொடரில் விளக்கம் இல்லை. தீவுக்கு வெளியே நின்ற கப்பலிலிருந்து விட்ட ராக்கெட் 31 நிமிடம் தாமதமாக வந்து விழுந்த இடத்தில், திசை மட்டும் ஒழுங்காக இருக்கும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

கப்பல் மருத்துவர் கதையும் அப்படித்தான். கழுத்தறுந்த உடல் முதலில் கரை ஒதுங்குகிறது. கப்பலைக் கேட்டால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று பதில். பிற்பாடுதான் கப்பலில் இருந்த கூலிப்படைத் தலைவன் கீமி அறுக்கிறான். ராக்கெட் தாமதமாகிறது, பிணம் முந்துகிறது. ஒரே சூத்திரத்தில் இரண்டையும் அடக்கியவர் இருந்தால் கை தூக்குங்கள்.

சாம்பல்வட்டம்

நமக்கு ஜேக்கப்பின் குடிசைதான். சீசன் 3 எபிசோட் 20-இல் லாக் குனிந்து தொட்டுப் பார்க்கும் அந்தச் சாம்பல் கோடு. உள்ளே “உதவி செய்” என்று ஒரு குரல், அது லாக்குக்கு மட்டும் கேட்கிறது.

பலர் சொல்வது: புகையை அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அப்படியானால் விமானம் விழுந்த கையோடு விமானியை இழுத்துப்போய் மரத்தில் தொங்கவிட்டது யார்? அடைபட்டது வெளியே சுற்றாது. கோடு 2004 செப்டம்பர் 22-க்கு முன்னாலேயே உடைந்திருந்தால்தான் இந்தத் தியரி நிற்கும். இலானா வந்து பார்க்கும்போது கோடு உடைந்திருக்கிறது, ஜேக்கப் ரொம்ப நாளாக இங்கே இல்லை, வேறு யாரோ புழங்கியிருக்கிறார்கள் என்கிறாள். எப்போது உடைந்தது, யார் உடைத்தார்கள்? எங்கும் இல்லை.

மற்றபடி கோயிலில் சாம்பல் தூவுவது புகை உள்ளே வராமல் இருக்க. அதே பொருளைக் குடிசையைச் சுற்றிப் போட்டால் அதுவும் காவலுக்குத்தான் இருக்கும், சிறைக்கு இல்லை. உள்ளே இருந்தது ஜேக்கப்தான், பாதுகாப்பு போனதும் இடத்தை மாற்றிக்கொண்டார் என்பது என் கட்சி. அந்தக் குரலுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

துருவக்கரடி

சிறுவன் வால்ட், ஹர்லியின் தோழி லிபி இரண்டையும் மர்மப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். முதல் மூன்று சீசன் கதையில் சுமார் மூன்று மாதம்தான், ஒளிபரப்பு ஓடியதோ மூன்று வருஷம். வால்ட்டாக நடித்த பையன் அதற்குள் வளர்ந்துவிட்டான். குழியில் கிடந்த லாக்குக்குத் தெரிந்த வால்ட் உயரமாக இருந்தான் என்று அவர்களே வசனம் வைத்தார்கள். வால்ட்டுக்கு முடிவு அந்த 12 நிமிடத் துண்டில் உண்டு: பென்னும் ஹர்லியும் வந்து கூட்டிப்போகிறார்கள். லிபி பாவம். டெஸ்மண்டுக்குப் படகு கொடுத்தது காட்டினார்கள், ஹர்லி இருந்த மனநல மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பதும் காட்டினார்கள். நடுவில் என்ன ஆயிற்று என்பதைக் காட்டாமலே விட்டார்கள்.

சாப்பாட்டு மூட்டை வானத்திலிருந்து விழுந்ததும் அதே துண்டில் தீர்ந்தது. குவாமில் ஒரு கிடங்கு, இரண்டு ஊழியர்கள், மேலே யாரும் இல்லாத நிறுவனத்துக்கு இன்னும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பொத்தான்108

கட்டுமரம் அண்ணா, படகுக் கணக்கு அருமை. ஒன்று விட்டுப்போயிற்று: கலங்கரை விளக்கில் பெயர்கள் எழுதிய சக்கரத்தை 108 டிகிரிக்குத் திருப்பச் சொல்லி ஜேக்கப் ஹர்லியை அனுப்புகிறார். அந்த இடத்தில் அடித்துப்போட்ட பெயர் வாலஸ். யார் என்று யாரும் சொல்லவில்லை. ஜாக்கை அங்கே வரவழைக்கப் போட்ட தூண்டில் மட்டுமா, இல்லை உண்மையிலேயே அந்த டிகிரியில் ஒரு ஆள் இருந்தாரா?

கட்டுமரம்

தூண்டில்தான் என்று நினைக்கிறேன். அங்கிருந்த கண்ணாடியை ஜாக் உடைத்ததற்கு ஜேக்கப் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லையே, பாருங்கள். வரவேண்டிய ஆள் வேறு வழி கண்டுபிடித்து வந்துவிடுவார் என்று விட்டுவிடுகிறார். ஆனால் சக்கரத்தில் ஏற்கெனவே எழுதி அடித்த பெயர் அது. தூண்டிலுக்காக எழுதிய பெயராக இருந்தால் ஏன் அடிக்க வேண்டும்? இன்று இரவு 6-இல் 5 இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன், சுற்றிலும் இருக்கும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.